பொன்னாடைக்குப் போகும் மாணவர் கட்டணம்

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் இணைப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் நீக்கி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய ஆய்வு நெறியாளர் 2004-இல் சில ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு படிகவியல் சங்கத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு டிசம்பரிலும் மூன்று நாள் பயிலரங்கு நடக்கிறது. எக்ஸ் கதிர் தரவைக் கொண்டு ஒரு படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டறியும் வித்தையை முதுகலை மாணவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வருகிறவர்கள் 160 பேர். செலவு 8,40,000 ரூபாய்: தங்கலும் சாப்பாடும் 3,60,000, வெளியூர்ப் பேச்சாளர்கள் பதினான்கு பேரின் பயணம் 2,40,000, தொடக்க விழா, பந்தல், பை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் சேர்த்து 1,50,000, செய்முறைக்கும் அச்சுக்கும் 90,000. வரவு: மாணவர் கட்டணம் தலைக்கு ஆயிரம் வீதம் 1,60,000, நலம் விரும்பிகள் தருவது 1,80,000, மீதி ஐந்து லட்சம் அரசு அறிவியல் நிறுவனங்களின் மானியம்.

அந்த மானியம்தான் வற்றிவிட்டது. சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்ற ஆண்டு ஒன்றரை லட்சம் அனுமதியாகி, பயிலரங்கு முடிந்து எட்டு மாதம் கழித்துக் கைக்கு வந்தது. நெறியாளர் ஓய்வு பெற்று உடல்நலம் குன்றியிருக்கிறார். செயலாளர் பொறுப்பில் இருக்கும் இவர், சமையல்காரருக்குக் கொடுப்பதற்காகத் தன் நகையை அடகு வைத்திருக்கிறார்.

சங்கத்தின் முன் இப்போது நான்கு யோசனைகள். கட்டணத்தை 4,000 ஆக்கலாம். ஆய்வகக் கருவி விற்கும் ஒரு கம்பெனி ஐந்து லட்சம் தருவதாகச் சொல்கிறது. பயிலரங்கின் பெயரோடு அதன் பெயர், இரண்டு அமர்வுகள், வருகிறவர்களின் கைபேசி எண் பட்டியல் ஆகியவை அதற்கு வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட பழைய மாணவர் 6,000 டாலர் தருகிறேன் என்கிறார், ஊரில் இருக்கும் தந்தையின் வங்கிக் கணக்கு வழியாக. நான்காவது, எல்லாவற்றையும் இணையவழியில் நடத்திவிடுவது. 2020-இல் அப்படி நடத்தியபோது 600 பேர் பதிவு செய்தார்கள், கடைசி அமர்வில் எஞ்சியவர்கள் நாற்பது பேர்.

இடையில் போகிறபோக்கில் இரண்டு செய்திகள். "2009-லேயே 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு) வாங்கிவிட்டோம், அதனால் வரிக் கவலை கிடையாது." "சில ஆண்டுகளில் ஒரே சாப்பாட்டுப் பில்லை இரண்டு நிறுவனங்களுக்குக் காட்டியிருக்கிறோம், எங்கும் நடப்பதுதானே." கடிதத்தின் கடைசி வரி: "ஐயா, பயிலரங்கின் வடிவத்தை மாற்றினால் எங்கள் சாருக்குத் துரோகம் செய்ததாகுமா?"

அன்புள்ள பேராசிரியருக்கு,

நான் ஆடிட்டர். படிகம் என்றால் எனக்குக் கற்கண்டு மட்டும்தான் தெரியும். ஆனால் உங்களுடையது போன்ற சங்கங்களின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், ஆகவே நீங்கள் அனுப்பிய வரவு செலவுத் தாளில் எனக்குப் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கட்டுவது 1,60,000. தொடக்க விழாவுக்கும் பந்தலுக்கும் பைக்கும் பொன்னாடைக்கும் ஆவது 1,50,000. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் மாணவி கொடுக்கும் ஆயிரம் ரூபாயில் ஏறக்குறைய முழுவதும் மேடைக்குப் போய்விடுகிறது. அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு ஆகும் செலவை வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஐந்து லட்சத்துக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து லட்சம் உண்மையிலேயே வேண்டுமா என்பது என் கேள்வி.

முதலில் பயிலரங்கு, பிறகு பணம்

600 பேர் பதிவு செய்து நாற்பது பேர் எஞ்சினார்கள் என்பதைத் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல், சாப்பாடும் சான்றிதழும் கண்முன் இல்லாமல், கடைசிவரை உட்கார்ந்திருந்த அந்த நாற்பது பேர்தான் உங்கள் பயிலரங்கு. மற்றவர்கள் பார்வையாளர்கள். அவர்களும் வேண்டும், ஆனால் அவர்களுக்கு மூன்று நாள் தங்கலும் சாப்பாடும் தேவையில்லை. மூன்றாம் நாள் மதியம் நடக்கும் செய்முறை வகுப்பில் ஒரு கணினியைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்றும், பாதிப் பேர் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயிலரங்கின் உயிர் அந்த மதியத்தில்தான் இருக்கிறது. அதையே கடைசிக்குத் தள்ளியிருக்கிறீர்கள்.

ஜெர்மனியின் கருங்காட்டில் ஓபர்வோல்ஃபாக் என்ற சிற்றூரில் 1944-இல் தொடங்கிய கணித ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. ஒரு வாரப் பயிலரங்குக்கு ஐம்பது பேர் அளவில்தான் கூடுவார்கள். சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் யார் என்பதைக் குலுக்கல்போல மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பெரியவர்கள் ஒரு மேசையில் கூடிவிடக் கூடாது என்று. புதன்கிழமை மதியம் பேச்சே கிடையாது, எல்லோரும் மலையேறப் போய்விடுவார்கள். அங்கே போய்வந்த கணிதப் பேராசிரியர் ஒருவர், அறையில் கேட்ட எதையும்விட அந்த நடையில் கேட்டதுதான் தன் ஆய்வுக்கு உதவியது என்று என்னிடம் சொன்னார். நம் ஊரில் விருந்தினருக்குத் தனிப் பந்தி, மாணவர்களுக்கு வேறு பந்தி. இதை மாற்றப் பைசா செலவில்லை.

நான் சொல்வது இதுதான். விரிவுரைகளை நவம்பரிலேயே வாரம் இரண்டு மாலையாக இணையவழியில் நடத்திவிடுங்கள். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், கட்டணம் வேண்டாம். பதினான்கு பேச்சாளர்களில் பத்துப் பேர் தங்கள் வீட்டிலிருந்தே பேசலாம். அதைக் கேட்டு, கொடுத்த பயிற்சிக் கணக்குகளைச் செய்து அனுப்பியவர்களிலிருந்து நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து டிசம்பரில் நான்கு நாள் நேரில் அழையுங்கள். முதல் மணியிலிருந்தே செய்முறை. தேர்வில் சிபாரிசுக் கடிதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் ஆய்வகம் இல்லாத சிறு கல்லூரி மாணவர் ஒருவர்கூட உள்ளே வரமாட்டார். படிக அமைப்பைக் கண்டறிய உங்கள் துறையில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் ஷெல்எக்ஸ் மென்பொருள் கல்வி நிறுவனங்களுக்கு இலவசம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே மாணவர்களின் சொந்த மடிக்கணினியே போதும், இல்லாதவருக்குக் கல்லூரிக் கணினி.

நேர்ப் பயிலரங்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்குமாக ஒரு திறந்த நாள் வையுங்கள். இரண்டு நல்ல பேச்சு, ஆய்வகத்தைச் சுற்றிப் பார்ப்பது, மதியச் சாப்பாடு. சிறு ஊர் மாணவர்களுக்கு ஒரு விஞ்ஞானியை நேரில் பார்ப்பதே ஒரு கல்வி, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்குச் சான்றிதழ் கிடையாது என்று அழைப்பிலேயே போட்டுவிடுங்கள். கூட்டம் பாதியாகும், கேட்கிற காது கூடும்.

உங்கள் கணக்கிலேயே தங்கலும் சாப்பாடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 750 ரூபாய் ஆகிறது. நாற்பது பேருக்கு நான்கு நாள் 1,20,000. பேச்சாளர் நால்வருக்கு 70,000, செய்முறைக்கு 60,000, அச்சு முதலிய சில்லறைக்கு 30,000, ஞாயிற்றுக்கிழமைக்கு 25,000. மொத்தம் 3,05,000. முப்பது மாணவர்களிடம் பழைய ஆயிரம், பத்து ஆசிரியர்களிடம் 2,500 என்று வாங்கினால் 55,000. நலம் விரும்பிகளின் 1,80,000 வழக்கம்போல வந்தால் துண்டு விழுவது 70,000 ரூபாய். இப்போது சொல்லுங்கள், இதற்காகவா ஒரு கம்பெனிக்குப் பயிலரங்கின் பெயரைக் கொடுப்பது?

12ஏ எல்லாவற்றுக்கும் கவசம் அல்ல

பழைய பிரிவு எண்களிலேயே பேசுகிறேன். 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறினாலும் பேச்சு வழக்கில் இன்னும் இவைதான்.

2009-இல் வாங்கிய 12ஏ சான்றிதழ் இன்று செல்லாது. 2021 ஏப்ரல் முதல் எல்லாச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் மறுபடி பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் மாறியது. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. அப்போது புதுப்பித்திருந்தாலும் ஐந்து ஆண்டுகளுக்குத்தான், 2021-இல் மறுபதிவு செய்தவர்களுக்கு 2026 மார்ச் 31 வரை. உங்கள் கடிதத்தில் மறுபதிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுவரில் மாட்டிய சான்றிதழை இறக்கி எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி-க்கும் இதே கதை. அது உயிரோடு இல்லாமல் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை ரசீது கொடுத்திருந்தால் சிக்கல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது ஜிஎஸ்டி. 12ஏ இருப்பதால் ஜிஎஸ்டி கிடையாது என்பது பரவலான தப்பெண்ணம். அந்த விலக்கு பெறும் "அறச் செயல்கள்" எவை என்று அறிவிக்கையில் குறுக்கி வரையறுத்திருக்கிறார்கள். பொதுச் சுகாதாரம், ஆன்மிகம், யோகா, ஆதரவற்ற குழந்தைகளுக்கான கல்வி, சுற்றுச்சூழல் என்று போகும் அந்தப் பட்டியலில் படிகவியல் பயிலரங்கு வராது. நீங்கள் இதுவரை வரி கட்டாமல் இருக்க முடிந்தது, சங்கத்தின் ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால். இதில் ஒரு பொறியும் இருக்கிறது. கட்டணத்தைக் கல்லூரிக் கணக்கில் வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கல்லூரியின் பான் எண்ணில் வாங்கினால், வரிவிலக்குப் பெற்ற மாணவர் கட்டணம் முழுவதும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும். வெளியாட்களிடம் வாங்கிய சிறு கட்டணத்துக்காகக் கல்லூரியே ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

கட்டணத்தை 4,000 ஆக்கும் யோசனை சட்டப்படி தவறில்லை. அடக்க விலைக்கோ அதற்குச் சற்றே மேலோ வாங்கும் கட்டணத்தை வணிகமாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. ஆனால் யார் வராமல் போவார்கள் என்பது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கம்பெனியின் ஐந்து லட்சம்

நன்கொடையும் விளம்பரமும் வேறு வேறு. கோவில் டியூப் லைட்டில் "உபயம்: இன்னார்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், சில இடங்களில் வெளிச்சத்தையே அந்த எழுத்து மறைத்துவிடும். அதுவரைகூட ஜிஎஸ்டி துறை ஒத்துக்கொள்கிறது. நன்றிக்காகப் பெயரை மட்டும் போட்டு, அதில் வியாபார விளம்பரம் எதுவும் இல்லாவிட்டால் அது வரிக்குரியதல்ல என்று 2019 அக்டோபரில் சுற்றறிக்கையே வந்திருக்கிறது. உங்களிடம் கேட்கப்படுவது உபயம் அல்ல. பெயர், மேடை, வாடிக்கையாளர் பட்டியல் மூன்றும் கேட்கப்படுகின்றன. இது சுத்தமான ஸ்பான்சர்ஷிப்.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை இதில் உங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. கம்பெனி அல்லாத சங்கம் ஒன்று ஸ்பான்சர்ஷிப் பெற்றால், தருகிற கம்பெனியே அந்த வரியைக் கட்ட வேண்டும். வருமான வரியில்தான் அடி விழும். நீங்கள் நடத்துவதைக் "கல்வி" என்று வரித்துறை ஏற்காமல், முறையான பள்ளி, கல்லூரிப் படிப்பு மட்டுமே கல்வி என்று சுருக்கிப் பார்த்தால், உங்கள் சங்கம் "பொதுப் பயன்பாடு" என்ற வகைக்குத் தள்ளப்படும். அந்த வகையில் வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டுக்கான விலக்கே போய்விடும். 8,40,000-இல் ஐந்து லட்சம் எத்தனை சதவீதம் என்று இயற்பியல் ஆசிரியருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கைபேசி எண்களைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பயிலரங்குக்கு விண்ணப்பிக்க எழுதிக்கொடுத்த எண் அது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தந்தவரின் சம்மதம் இல்லாமல் இப்படிக் கைமாற்றுவதைத் தடுக்கத்தான் வந்தது. சட்டத்தை விடுங்கள், பெண் பிள்ளைகளின் எண்கள் விற்பனைப் பிரதிநிதிகளிடம் போவதை எந்தப் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்?

நாளை உங்கள் கல்லூரி கருவி வாங்க டெண்டர் விடும். கொள்முதல் குழுவில் நீங்களும் இருப்பீர்கள். அந்தக் கம்பெனியும் விண்ணப்பித்திருக்கும். அன்றைக்கு நீங்கள் நேர்மையாகவே முடிவெடுத்தாலும் ஊர் என்ன பேசும்?

"ஸ்பான்சர்ஷிப் வேண்டாம், சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) என்று கேட்டால்?" என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பெயர் மாற்றத்தால் வேலையாகாது. தன் சரக்குக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பைச் சிஎஸ்ஆர் விதிகளே விலக்கிவைத்திருக்கின்றன. ஒருமுறை நடந்து முடியும் நிகழ்ச்சிகளும் அதில் சேரா என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லேயே விளக்கிவிட்டது. ஆனால் நவம்பர் வகுப்புகள், டிசம்பர் செய்முறை, அதன்பிறகு ஆறு மாதம் அந்த நாற்பது பேரின் தரவைத் திருத்திக்கொடுக்கும் வழிகாட்டல் என்று ஓராண்டுத் திட்டமாக இருந்தால் சிஎஸ்ஆர் கேட்கும் தகுதி அதற்கு வரும். 12ஏ, 80ஜி இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும், சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவும் வேண்டும். கருவி விற்காத கம்பெனியாகப் பார்த்துக் கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் பணம்

"நம்ம பையன் பணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாசத்துக்கு அவர் நம் பையன்தான், சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுப்பது, ரூபாயில் கொடுத்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. தந்தையின் கணக்கில் போட்டு எடுப்பது சட்டத்தைச் சுற்றிப்போகும் வழியாகவே பார்க்கப்படும். ஐந்து ஆண்டுவரை சிறைக்கு இடமுள்ள சட்டம் இது, கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

பதிவுக்கு முயலாதீர்கள். மூன்று ஆண்டுகளில் குறைந்தது 15 லட்சம் நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும் என்பதை நீங்கள் எட்டிவிடுவீர்கள். ஆனால் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு, ஆண்டுதோறும் அறிக்கை என்று ஒருமுறை வரும் 6,000 டாலருக்கு ஆயுள் முழுதும் சேவகம் செய்ய வேண்டியிருக்கும். அவரை நவம்பரில் இரண்டு மாலை பாடம் நடத்தச் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் டிசம்பரில் நான்கு நாளும் மாணவர்களோடு உட்காரட்டும். மாநாட்டுக்கு வரும் வெளிநாட்டவர் கட்டும் பங்கேற்புக் கட்டணம், அந்த மாநாட்டுச் செலவுக்கே பயன்பட்டால் வெளிநாட்டு நன்கொடை ஆகாது என்று உள்துறை அமைச்சகமே விளக்கியிருக்கிறது. அந்தக் கட்டணத்தை அவர் தாராளமாகக் கட்டலாம். ஆனால் அவருக்கு மட்டும் 6,000 டாலர் என்று கட்டணம் வைத்துவிடாதீர்கள்.

அந்த இரண்டு பில்கள்

இதைத் தனியாக எழுதுவதற்கு மன்னியுங்கள். எங்கும் நடக்கிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஒரே செலவை இரண்டு நிறுவனங்களுக்குக் காட்டி, மானியத்தை இதற்குத்தான் செலவிட்டோம் என்ற பயன்பாட்டுச் சான்று கொடுத்திருந்தால் அது பொய்ச் சான்று. பணத்தைத் திருப்பக் கேட்பார்கள், கல்லூரிக்கே இனி மானியம் இல்லை என்றும் ஆக்கலாம், குற்ற வழக்குக்கும் இடமுண்டு. எந்த ஆண்டு, எவ்வளவு என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிட்டு, அந்த நிறுவனத்துக்கு நீங்களாகவே எழுதி மிகையைத் திருப்பிச் செலுத்துவதே என் ஆலோசனை. தணிக்கையில் அவர்கள் கண்டுபிடிப்பதும் நீங்கள் போய்ச் சொல்வதும் ஒன்றல்ல.

இனி மானியம் கேட்கும்போது, அந்த 70,000-க்கு மட்டும் கேளுங்கள். முன்பு செர்ப் (அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) என்று இருந்த மத்திய அரசு மானிய அமைப்பு இப்போது 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது, பழைய படிவங்களோடு போகாதீர்கள். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தையும் அணுகிப் பாருங்கள். மத்திய அரசு மானியத்துக்கு வங்கியில் கிடைத்த வட்டியும் அரசுக்கே திரும்பிப் போக வேண்டும் என்பதைப் பொருளாளருக்குச் சொல்லிவையுங்கள், பலரும் இங்கே வழுக்குகிறார்கள்.

உங்கள் சாருக்கு

உங்கள் துறையைச் சென்னையில் ஊன்றியவர் ஜி.என். ராமச்சந்திரன். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், 1954-இல் கொலாஜன் என்ற புரதத்தின் முச்சுருள் வடிவத்தை முன்வைத்தார். அவர் சென்னையில் கூட்டிய பன்னாட்டுக் கருத்தரங்குகளில் ஒன்று 1963 ஜனவரியில், அடுத்தது 1967 ஜனவரியில். இடையில் நான்கு ஆண்டு. ஆண்டுதோறும் பந்தல் போட்டே தீர வேண்டும் என்று உங்கள் துறையில் எந்தச் சாத்திரமும் இல்லை. மானியம் கிடைக்காத ஆண்டில் நவம்பர் வகுப்புகளை மட்டும் நடத்திவிட்டு நேர்ப் பயிலரங்கை ஓராண்டு தள்ளிப்போட்டால் யாரும் குறைந்துவிடமாட்டார்கள்.

சாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். 2004-இல் முதல் பயிலரங்குக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்றும் அப்போது கேட்டுவிட்டு வாருங்கள். நாற்பதைத் தாண்டியிருக்காது என்பது என் ஊகம்.

கடைசியாக, அந்த நகை. சமையல்காரருக்கு நீங்கள் கொடுத்தது சங்கத்தின் செலவு. செயற்குழுவைக் கூட்டி, இந்தத் தேதியில் இந்தப் பில்லுக்காகச் செயலாளர் இவ்வளவு செலுத்தினார், சங்கம் அவருக்குத் தர வேண்டியிருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எட்டு மாதம் கழித்து வந்த அந்த ஒன்றரை லட்சத்தில், மானிய உத்தரவு உணவுச் செலவை அனுமதித்திருந்தால், உங்கள் பங்கை வங்கி வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக வேண்டாம். அடகுக் கடை ரசீதைச் சங்கக் கோப்பில் வைக்க வேண்டியதில்லை, சமையல்காரரின் பில்லும் அவர் தந்த ரசீதும் போதும்.